பளிங்குத் தகட்டிற் படிந்த வார்னிஷ்

வீட்டிலே மரப் பொருள்களுக்கு வார்னிஷ் பூசுவோர் பெரும்பாலும் மரத்தின்மீதே கண்ணாயிருப்பர். தூரிகையின் நுனியிலிருந்து தெறிக்கும் துளி எங்கே விழுகின்றது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. துளி சிமெந்துத் தரையில் விழுந்தாற் சுரண்டிவிடலாம். உடுத்த துணியில் விழுந்தால் அந்தத் துணியை வேலைக்கென்றே ஒதுக்கிவிடலாம். ஆனால், கண்ணாடிக்குப் பதிலாக இக்காலத்திற் பெரிதும் வழங்கும் அக்கிரிலிக் தகட்டில் விழுந்து அது காய்ந்துவிடுமாயின், அதனை அகற்றுவது எளிய காரியமன்று. துளியை அகற்றப் புகுந்தவர் தகட்டையே இழந்துவிடுவதுண்டு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். மறைந்துபோன தந்தையாரின் நிழற்படத்தையும், அவர் கையாண்ட மூக்குக்கண்ணாடி, எழுதுகோல் ஆகியவற்றையும் வைத்துப் பேணுவதற்கென மகன் ஒருவன் தேக்கு மரத்தாற் சிறு பெட்டி ஒன்றைச் செய்கின்றான் என்க. பெட்டியின் முகப்பிலே அக்கிரிலிக் தகட்டைத் தவாளிப்பிற் செருகி, நான்கு மூலைகளையும் பசையிட்டு இறுக்கிவிடுகின்றான். அதன் பின்னரே மரத்திற்கு வார்னிஷ் பூசுகின்றான். மறுநாட் காலையிற் பார்க்கும்பொழுது தகட்டின் நடுவே மூன்று துளிகள் பொன்னிறமாகக் காய்ந்து கிடக்கின்றன.

பூச்சு வேலைக்காக வாங்கிய தின்னர் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது. பூச்சைக் கரைப்பது தின்னர்; ஆகவே துளியையும் அது கரைக்கும் என்று அவன் எண்ணுகின்றான். துணியை அதில் நனைத்துத் துளியைத் துடைக்கின்றான். துளி இளகுகின்றது, ஆனால் அது இருந்த இடத்தில் வெண்மையான மூட்டம் ஒன்று தோன்றுகின்றது. மூட்டத்தைப் போக்குவதற்காக மேலும் தேய்க்கின்றான்; மூட்டம் உள்ளங்கை அளவிற்குப் பரவுகின்றது. துணியின் இழைகள் சென்ற வழியெல்லாம் தகட்டின் முகத்திற் கோடுகளாகப் பதிந்துவிடுகின்றன. இப்போது துளிகள் இல்லை. ஆனால் தந்தையாரின் முகமும் தெரியவில்லை. பெட்டியின் மூலைகள் ஒட்டப்பட்டுவிட்டமையால், மரத்தைப் பிளக்காமல் வேறொரு தகட்டை மாற்றவும் இயலாது.

அந்த மகன் செய்த தவறு சோம்பலாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததன்று. துளியைக் கரைப்பது எது என்று அவன் ஆராய்ந்தான். தகட்டைக் கெடுக்காதது எது என்று ஆராயவில்லை. இவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும் என்று எண்ணியமையே அங்கு நேர்ந்த பிழை. கண்ணாடியின்மீது இத்துளி விழுந்திருக்குமாயின் அவன் செய்தது சரியே. ஆனால் அது கண்ணாடியன்று. இதனை விளங்கிக்கொள்வதற்கு, அக்கிரிலிக் என்பது எத்தகைய பொருள் என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கண்ணாடியானது மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றைப் பெருந்தீயில் உருக்கிச் செய்யப்படுவது. அக்கிரிலிக்கோ, மெதைல் மெதக்கிரிலேற்று என்னும் திரவத்தின் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நெடுஞ்சங்கிலிகளாக இணைவதாற் பிறப்பது. இத்தகைய பொருளை இரசாயன நூலார் பல்பகுதியம் என்பர். ஜெர்மனியைச் சேர்ந்த ஒற்றோ றோம் என்னும் இரசாயன அறிஞர், 1901 ஆம் ஆண்டிலே தமது கலாநிதிப் பட்ட ஆய்வை அக்கிரிலிக் சேர்வைகளைப் பற்றியே நிகழ்த்தினார். அவர் நிறுவிய தொழிலகத்தின் தகடு 1933 ஆம் ஆண்டிலே பிளெக்சிகிளாஸ் என்னும் பெயரைப் பெற்றது. அதே காலப்பகுதியில் இங்கிலாந்திலும் றோலண்ட் ஹில், ஜோன் குறோபோட் என்னும் இருவர் இதனைத் தயாரிக்கும் வழியைக் கண்டனர். அங்கு இது பேர்ஸ்பெக்ஸ் எனப்பட்டது. ஆங்கிலேயரின் தொடர்பால் இலங்கையில் நன்கு பழகிய பெயரும் அதுவே.

இரண்டாம் உலகப் போரிலே ஸ்பிற்பயர் முதலிய போர் விமானங்களில், விமானி அமரும் இடத்தின் மேன்மூடி இத்தகட்டினால் அமைந்தது. மூடி சிதறி அதன் துண்டுகள் சில விமானிகளின் கண்ணுள்ளே தங்கியபோதும், அவை கண்ணை அழற்சிக்குள்ளாக்கவில்லை என்பதை ஹரல்ட் றிட்லி என்னும் கண் வைத்தியர் கண்டார். அந்த அவதானமே 1949 ஆம் ஆண்டு நவம்பரில், இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில், இதே பொருளாலான வில்லையை அவர் கண்ணுள் வைப்பதற்கு வழிகாட்டியது. கண்புரை நோயாளருக்கு வில்லை பொருத்தும் முறை அன்று தொடங்கியதே.

இத்துணைப் பெருமை வாய்ந்த பொருளின் குணங்களைக் கண்ணாடியோடு ஒப்பிட்டு நோக்கலாம். தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 92 சதவீதத்தை இது ஊடுருவ விடுகின்றது. தெளிவிலே சாதாரணக் கண்ணாடிக்கு இது குறைந்ததன்று. ஒரு கன சென்ரிமீற்றர் கண்ணாடியின் நிறை ஏறத்தாழ 2.5 கிராம், அக்கிரிலிக்கின் நிறை 1.18 கிராம் மாத்திரமே. கீழே விழுந்தாற் கண்ணாடியைப்போல எளிதில் நொறுங்குவதுமில்லை. இவை அதன் நன்மைகள்.

அதன் குறைகள் இரண்டு. முதலாவது, அதன் மேற்பரப்பு மென்மையானது. மணற்றுகளும், சவர அலகும், பாத்திரம் துலக்கும் தும்பும் அக்கிரிலிக்கை எளிதிற் கீறிவிடும். இரண்டாவது, அது கரைப்பான்களுக்கு அஞ்சும் பொருள். அசற்றோன், குளோரோபோம், தொலுயீன் முதலியவை அதன் நெடுஞ்சங்கிலிகளுக்கிடையே நுழைந்து அவற்றைப் பிரித்துவிடுகின்றன. விளம்பரப் பலகை செய்வோர் இரு அக்கிரிலிக் துண்டுகளைப் பொருத்துவதற்குக் குளோரோபோமைப் பயன்படுத்துவதை நேயர்கள் சிலர் கண்டிருக்கக்கூடும். அது பசையன்று. இரு விளிம்புகளையும் அது கரைத்துவிட, கரைந்த விளிம்புகள் ஒன்றாகி இறுகுகின்றன. பூச்சு வேலைக்கான தின்னரும் பெரும்பாலும் இவ்வினத்துத் திரவங்களின் கலவையே. தகட்டை ஒட்டுவதற்கு உதவும் இயல்புடையதே தகட்டைத் துடைப்பதற்கும் எடுக்கப்படுகின்றது என்றால், விளைவு யாதாகும் என்று சொல்லவேண்டியதில்லை.

மதுசாரத்தின் தீங்கு இவ்வளவு வெளிப்படையானதன்று. மதுசாரத்தினால் ஒருமுறை துடைத்தாற் தகடு உடனே மங்குவதில்லை. ஆனால் தகட்டை வெட்டும்போதும், துளையிடும்போதும், சூடாக்கி வளைக்கும்போதும் அதன் உள்ளே இழுவிசை தங்கிவிடுகின்றது. அத்தகைய இடங்களிலே மதுசாரம் பட்டால், சிறிது நேரத்தில் வெள்ளி இழைபோன்ற நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். அவை மேற்பரப்பிற் கிடக்கும் கீறல்களல்ல, தகட்டினுள்ளே இறங்கியவை. மினுக்கினாலும் அவை போகா. குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பேணும் வைத்தியசாலைப் பெட்டிகளின் மூடி பெரும்பாலும் அக்கிரிலிக்கினால் ஆனது. அதனை மதுசாரத்தினால் துடைத்தலாகாது என்று எச்சரிப்பதும் இக்காரணம் பற்றியே.

தகட்டின் இயல்பு இது. இனி, அதன்மீது படிந்த பூச்சின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். மரத்திற்குப் பூசுவனவற்றையெல்லாம் மக்கள் வார்னிஷ் என்றே பொதுவாகச் சொல்வர். ஆயினும் அவை ஓரினத்தவை அல்ல. நான்கு வகைகளை வேறுபடுத்தி அறிந்தாற் போதும்.

முதலாவது, அரக்குப் பூச்சு. மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சியின் சுரப்பைத் தூய்மையாக்கி, மதுசாரத்திற் கரைத்துச் செய்வது. பழைய தளபாடங்களின் பளபளப்பெல்லாம் இதனால் வந்தது. இரண்டாவது, லாக்கர் எனப்படும் பூச்சு. இது தின்னரிற் கரைந்திருப்பது. தின்னர் ஆவியானதும் இறுகிவிடும். மூன்றாவது, எண்ணெய் வார்னிஷ். ஆளிவிதை எண்ணெய் முதலியவற்றோடு பிசின் சேர்த்துச் செய்த இது, வெறுமனே உலர்வதன்று. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து புதிய பொருளாகவே மாறிவிடுகின்றது. பொலியூரெத்தேன் சேர்ந்த வார்னிஷும் இறுகியபின் இவ்வாறு எளிதிற் கரையாத பொருளாகிவிடும். நான்காவது, நீரோடு கலந்து வரும் பூச்சு. ஈரமாயிருக்கும்போது நீரினாற் கழுவக்கூடிய இது, காய்ந்தபின் நீருக்கு இளகுவதில்லை.

துளி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பேணியின் முகத்திலுள்ள எழுத்துக் கூறும். பேணி இல்லையாயின், அதே பூச்சுப் பூசிய மரத்தின் மறைவான ஓரிடத்திற் சோதித்தறியலாம். மதுசாரத் துளி ஒன்றை வைத்துச் சிறிது நேரத்திற்குப் பின் தொட்டுப் பார்க்க, அவ்விடம் பிசுபிசுக்குமாயின் அது பெரும்பாலும் அரக்கு. மதுசாரத்திற்கு அசையாது தின்னருக்கு இளகினால் அது பெரும்பாலும் லாக்கர். இரண்டிற்கும் கரையாதாயின் அது எண்ணெய் வார்னிஷோ பொலியூரெத்தேனோ ஆகலாம். இச்சோதனைகள் மரத்தில் மாத்திரமே செய்யத்தக்கவை. தகட்டின்மேல் இவற்றை ஒருபோதும் செய்தலாகாது.

இந்நான்கு வகையையும் தகட்டின் பண்போடு சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். லாக்கரைக் கரைப்பது தகட்டையும் கரைக்கும். இறுகிய எண்ணெய் வார்னிஷை அகற்றவல்ல கடுமையான வர்ணநீக்கிகள் தகட்டை இன்னும் விரைவாக அழிக்கும். அத்தகைய நீக்கிகளில் நெடுங்காலம் சேர்க்கப்பட்டுவந்த டைக்குளோரோமெதேன் என்னும் திரவம், அக்கிரிலிக்கைக் கரைப்பதோடு அமையாது, அதன் ஆவியைச் சுவாசித்தோரின் உயிரையும் கவர்ந்திருக்கின்றது. அமெரிக்காவில் அதனைக் கொண்ட வர்ணநீக்கியை வீட்டுப் பாவனைக்கென விற்பதை 2019 ஆம் ஆண்டிலே தடைசெய்தமைக்கும் அதுவே காரணம். ஆகவே, துளியைக் கரைத்து அகற்றும் எண்ணத்தைப் பெரும்பாலும் கைவிடுதல் வேண்டும். அதனைக் கரையாமலே பெயர்த்தெடுக்க முடியுமா என்பதே கேட்கத்தக்க வினா.

முடியும் என்பதே விடை. அதற்கு இயற்கையே துணைநிற்கின்றது. மரத்திற் பூச்சு உறுதியாகப் பற்றிக்கொள்வது மரத்தின் நுண்டுளைகளில் அது இறங்கி வேரூன்றுவதால். அக்கிரிலிக்கிலே அத்தகைய துளைகள் இல்லை. அதன் முகம் வழுவழுப்பானது. எண்ணெய் வார்னிஷும், அரக்கும், நீர்ப் பூச்சும் அதன்மேல் ஒட்டிக் கிடக்கின்றனவேயன்றி உள்ளிறங்குவதில்லை. லாக்கர் ஒன்றே இதற்குப் புறம்பானது. அதிலுள்ள தின்னர், துளி காயுமுன்னரே தகட்டின் முகத்தைச் சிறிது கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம்.

முதலிற் செய்யவேண்டியது கழுவுதல். உலர்ந்த துணியினாற் தகட்டைத் துடைத்தலாகாது. உலர்ந்த துணி தேய்க்கத் தேய்க்கத் தகட்டில் நிலைமின் ஏறும். அது காற்றிலுள்ள தூசை இழுத்துக்கொள்ளும். அத்தூசே அடுத்த தேய்ப்பிற் கீறலாகும். இளஞ்சூடான நீரிற் சில துளி மென்மையான சவர்க்காரத் திரவத்தைக் கலந்து, நீரைத் தாராளமாக ஓடவிட்டு, வெறும் விரல்களாலே தகட்டைத் தடவிக் கழுவுதல் நன்று. மணற்றுகள் இருப்பின் விரல்கள் அதனை உடனே உணரும், துணி உணராது.

அடுத்தது ஊறவிடுதல். தகடு தனியாக இருப்பின், அதே சவர்க்கார நீரிற் பல மணிநேரம் அமிழ்த்தி வைக்கலாம். மரச்சட்டத்திற் பொருத்தியிருப்பின் மரத்திற்கு நீர் ஆகாது. ஆதலின் சிறு பஞ்சுத்துண்டை அந்நீரில் நனைத்துத் துளியின்மேல் வைத்து, ஈரம் உலராதவாறு பொலித்தீன் துண்டினால் மூடிவிடுதல் வேண்டும். ஒரு மணிநேரத்திற்கு ஒருமுறை பஞ்சைப் புதிதாக நனைத்து வைக்கலாம். நீரின் சூடு கைபொறுக்கும் அளவினதாய் இருந்தாற் போதும். அக்கிரிலிக் ஏறத்தாழ 105 பாகை செல்சியஸிலே இளகத் தொடங்கும் பொருள். கொதிநீரும், தலைமயிர் உலர்த்தும் கருவியின் கடுஞ்சூடும் அதற்கு ஏற்றவையல்ல.

நீர் பூச்சைக் கரைப்பதில்லை. ஆனால் பூச்சின் விளிம்பினூடாக மெல்லப் புகுந்து, பூச்சிற்கும் தகட்டிற்கும் இடையிலுள்ள பிடியைத் தளர்த்துகின்றது. பிடி தளர்ந்தபின் துளியின் விளிம்பை விரல் நகத்தினால் மெதுவாக உந்திப் பார்க்கலாம். நகத்திற்கு அசையாதாயின், மூங்கிற் சீவலையோ, பழைய பொலித்தீன் மூடியிலிருந்து வெட்டிய துண்டையோ பயன்படுத்தலாம். கருவியின் விளிம்பு தகட்டிலும் பார்க்க மென்மையானதாய் இருத்தல் வேண்டும் என்பது ஒன்றே விதி. கத்தியும் சவர அலகும் கண்ணாடிக்கு உரியவை. அவற்றை எவ்வளவு சாய்வாகப் பிடித்தாலும் ஒரு கணத் தவறிலே ஆயுட்காலக் கீறல் விழுந்துவிடும்.

கருவியை மேலிருந்து அழுத்தாமல், தகட்டோடு படியுமாறு சாய்த்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தள்ளுதல் வேண்டும். தள்ளும் இடத்திலே சிறிது தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டால் கருவி வழுக்கிச் செல்லும். எண்ணெயும் விளிம்பின் கீழே புகுந்து உதவும். துளி முழுவதாகப் பெயர்ந்து வருவதுமுண்டு. சிறு சிறு செதில்களாக உதிர்வதுமுண்டு. உதிர்ந்த செதில்களைத் தகட்டின்மேற் கிடக்கவிடாது அவ்வப்போது நீரூற்றிக் கழுவுதல் அவசியம். காய்ந்த வார்னிஷின் செதிலும் கீறவல்லது. பாதி பெயர்ந்த மெல்லிய படலத்தின்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, மெல்ல இழுத்தெடுப்பதும் பயன்தரும்.

இம்முறையாற் பெரும்பாலான துளிகள் அகன்றுவிடும். அகலாதவற்றிற்கு வகையறிந்து வேறு வழி தேடலாம். அரக்கிற்கு அழகியதொரு வழி உண்டு. அரக்கு மதுசாரத்தில் மாத்திரம் கரைவதன்று. காரத் தன்மையுள்ள நீரிலும் கரையும். போராக்ஸ் எனக் கடைகளில் வழங்கும் வெண்காரத்தை இளஞ்சூடான நீரிற் கரைத்து, அந்நீரில் நனைத்த பஞ்சை அரக்குத் துளியின்மேல் வைத்தால், துளி சிறிது சிறிதாக இளகி நீரோடு போய்விடும். நாட்பட்ட அரக்கு இளகுவதற்கு அதிக நேரம் செல்லும். இத்தகைய மென்மையான காரம் அக்கிரிலிக்கைத் தாக்குவதில்லை. அரக்கை மதுசாரத்தினாற் துடைத்துத் தகட்டை வெடிக்கவிடுவதிலும் பார்க்க இவ்வழி எவ்வளவோ மேலானது. ஆயினும் வெண்காரம் உட்கொள்ளத்தக்கதன்று. கையுறை அணிந்து, பிள்ளைகளுக்கு எட்டாதவாறு அதனைக் கையாளுதல் வேண்டும். மரத்திலும் அரக்கே பூசியிருப்பின் இந்நீர் மரத்தைத் தொடாதவாறும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

எண்ணெய் வார்னிஷைப் பொறுத்தவரையிற் காலமே முக்கியமானது. துளி விழுந்து சில நிமிடங்களே ஆயின், மண்ணெண்ணெயில் நனைத்த மென்துணியினால் ஒற்றியெடுக்கலாம். மண்ணெண்ணெய் அக்கிரிலிக்கிற்குக் குறுகிய நேரத்தில் தீங்கு செய்வதில்லை. கிறீஸ் முதலிய எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்குத் தகட்டு உற்பத்தியாளரே அதனைச் சொல்வதுண்டு. ஒற்றியெடுத்தவுடன் சவர்க்கார நீரினாற் கழுவிவிடுதல் வேண்டும். அடுப்பிற்கும் விளக்கிற்கும் அண்மையில் இவ்வேலை ஆகாது. ஆனால் துளி முற்றாக இறுகிய பின்னர் மண்ணெண்ணெயோ தேர்ப்பந்தைனோ அதனைக் கரைக்கமாட்டா. ஒட்சிசனோடு சேர்ந்து அது வேறு பொருளாகிவிட்டது. அதன்பின் ஊறவைத்துப் பெயர்ப்பதொன்றே வழி. பொலியூரெத்தேனுக்கும் இது பொருந்தும்.

நீர்ப்பூச்சின் எச்சம் சிறிது தங்கிவிட்டால், ஐசோபுரொப்பைல் மதுசாரத்தைச் சம அளவு நீரோடு கலந்து, பஞ்சின் நுனியில் எடுத்து, ஒரு சில விநாடிகள் மாத்திரம் தொட்டுத் துடைத்து, உடனே நீரினாற் கழுவிவிடலாம். ஆயின் இது கடைசி வழி. வெட்டிய விளிம்பிற்கும், ஆணித்துளைக்கும், வளைவிற்கும் அண்மையில் இதனைக் கொண்டுசெல்லலாகாது. அதே தகட்டின் வெட்டுத்துண்டு ஒன்று வீட்டிற் கிடந்தால், முதலில் அதில் முயன்று, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே நல்ல தகட்டைத் தொடுவது அறிவுடைமை.

துளி பெயர்ந்த பின்னரும் மங்கலான வடு தங்குமாயின், அங்கே பூச்சின் கரைப்பான் தகட்டின் முகத்தைத் தாக்கியிருக்கின்றது என்று கொள்ளலாம். லாக்கர்த் துளிகளுக்குக் கீழே இது காணப்படும். தின்னரினாற் துடைத்துக் கெடுத்த தகட்டின் நிலையும் இதுவே. இனி அகற்றவேண்டிய பூச்சு எதுவும் அங்கே இல்லை. கெட்டுப்போன மேற்றோலைச் சிறிதளவு தேய்த்து நீக்குவதே வேலை. நீரில் நனைத்துத் தேய்க்கும் அரத்தாளில் 800 ஆம் இலக்கத்தை மரக்கட்டையிற் சுற்றி, நீரை ஊற்றிக்கொண்டே, ஒரே திசையில் நேராகத் தேய்த்தல் வேண்டும். பின்னர் 1000, 1500, 2000 என்னும் இலக்கங்களுக்கு முறையே செல்லலாம். ஒவ்வோர் இலக்கத்திலும் முன்னைய திசைக்குக் குறுக்காகத் தேய்த்தால், முன்னைய கீறல்கள் மறைந்தனவா என்பது கண்ணுக்குத் தெரியும். அவை மறையுமுன் அடுத்த இலக்கத்திற்குப் போகலாகாது.

இறுதியாக, பிளாஸ்டிக்கிற்கென விற்கும் மினுக்குப் பசையை மென்மையான பருத்தித் துணியில் எடுத்து மினுக்குதல் வேண்டும். ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தித் தேய்த்தாற் சூடேறி அவ்விடம் குழம்பிவிடும். மேலும், வடு உள்ள இடத்தை மாத்திரம் தோண்டித் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, பின்னால் உள்ள உருவம் நெளிந்து தோன்றும். ஆகவே சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்துப் பரவலாகத் தேய்ப்பதே முறை. உதாரணத்திற் கண்ட மகன் இதனை அறிந்திருப்பின், பெட்டியைப் பிளக்காமலே தந்தையாரின் முகத்தைப் பெரும்பாலும் மீட்டிருப்பான். ஆனால் மூன்று துளிகளுக்காக ஓரிரு நாள் உழைக்கவேண்டியிருக்கும். தகட்டினுள்ளே வெடிப்பு இறங்கியிருப்பின் அந்த உழைப்பும் பயன்படாது.

இவ்வளவு தொல்லையும் வராமற் காப்பது எளிது. அக்கிரிலிக் தகடு கடையிலிருந்து வரும்போது அதன் இரு முகங்களிலும் கடதாசியோ மெல்லிய பொலித்தீன் உறையோ ஒட்டியிருக்கும். புதிய பொருளின் அழகை உடனே காணும் ஆவலில் அதனை உரித்துவிடுவோர் பலர். மரவேலையும் பூச்சு வேலையும் முற்றாக முடிந்து, பூச்சு நன்றாகக் காயும்வரை அவ்வுறை அங்கேயே இருத்தல் வேண்டும். விளிம்பிற் பொருத்துவதற்கு வேண்டிய அளவு மாத்திரம் உரித்தாற் போதும். அதனிலும் சிறந்தது, மரச்சட்டத்திற்குப் பூச்சிட்டு உலர்த்திய பின்னரே தகட்டைச் செருகுவது. தகட்டை ஒரு பக்கத்திலிருந்து கழற்றி எடுக்கக்கூடியவாறு, பசைக்குப் பதிலாகத் திருகாணியினாற் சட்டத்தை அமைத்துக்கொண்டால், பிற்காலத்தில் எந்தத் துளியும் பெருந்துயரமாகாது.

வேலை முடிந்தபின் மறக்கத்தகாத ஒன்றுண்டு. ஆளிவிதை எண்ணெயும் எண்ணெய் வார்னிஷும் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடலாகாது. எண்ணெய் ஒட்சிசனோடு சேரும்போது வெப்பம் பிறக்கின்றது. குவிந்து கிடக்கும் துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். தச்சுக்கூடங்கள் எரிந்துபோனமைக்கு இத்தகைய துணிக்குவியல் காரணமாயிருந்ததுண்டு. துணிகளை வெளியிலே தனித்தனியாக விரித்து உலரவிடுதல் வேண்டும். அல்லது நீர் நிறைந்த பேணியில் அமிழ்த்தி மூடிவைத்தல் வேண்டும். தகட்டைக் காப்பதிலும் முந்தியது வீட்டைக் காப்பது.

இன்று தமது வீட்டுத் தகட்டிலே காய்ந்த துளியைக் கண்டு கவலையுறும் நேயர் யாரேனும் இருப்பின், அவர் இன்றிரவு பெரிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. காய்ந்த துளி இனிப் பரவப்போவதில்லை. சவர்க்கார நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்து மூடிவிட்டு, தின்னர்ப் போத்தலைத் திறவாமல் நித்திரைக்குப் போகலாம். நாளைக் காலையிற் பகல் வெளிச்சத்தில், விரல் நகத்தினால் துளியின் விளிம்பை மெல்ல உந்திப் பார்க்கலாம்.